ஒரு வாய்ப் பணியாரம்

காத்திபாஸ் ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டால் எதிரெதிரே வரும் மீன்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒதுங்கித்தான் போகவேண்டியிருக்கும். பொய் என்று சொல்பவர்கள் அந்த வருஷம் அங்கே இல்லாதவர்கள். அப்படியொரு வறட்சியில், காலையில் காயப்போட்ட மிளகு, கஞ்சி குடித்து முடிப்பதற்குள் கறுத்துப்போகும் வெயிலில், ஜாவாய் தன் நீளப்படகை ஆற்றில் இறக்கினாள். மேலாற்றில் நங்கா லிபாய்க்குப் போய்ச் சேரவேண்டும். மகள் கல்யாணத்துக்குப் பேச்சு.

அந்த ஆற்றங்கரையில் ஊர் என்பது ஒரே வீடுதான். நீளமாய் ஒரு கூரை, அதன் கீழ் எல்லாருக்கும் பொதுவாய் ஒரு நீளக்கூடம், கூடத்தை ஒட்டி வரிசையாய்க் கதவுகள். குடும்பத்தைக்கூடக் கதவு என்றுதான் சொல்வார்கள். ஜாவாயின் கதவுக்குப் பின்னால் இருந்தது அவளும் சுலாவு என்ற மகளும் மட்டும். அம்பாவு என்ற நங்கா லிபாய்ப் பையனும் சுலாவும் ஒருவரையொருவர் விரும்பியதில் யாருக்கும் வருத்தமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு யார் எந்தக் கதவுக்குள் போவது என்பதுதான் கேள்வி. பெண் போகலாம், பையன் வரலாம், இரண்டும் அங்கே சமம். உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுப் பாக்குப் பிளப்பார்கள். சுலாவு போய்விட்டால் ஜாவாயின் அடுப்பு ஜாவாயோடு அணைந்துவிடும். கதவில் குறுக்குச்சட்டம் அடித்துவிடுவார்கள். விழுந்த பல்லின் இடத்தைப்போல அது அப்படியே கிடக்கும்.

உச்சிவெயில் சாய்வதற்குள் பெண்வீட்டார் வந்து உட்காராவிட்டால் முடிவு தன்னுடையதுதான் என்று பையனின் அம்மா கலோங் சொல்லியனுப்பியிருந்தாள். ஜாவாய் கவலைப்படவில்லை. கவலைக்கென்று நேரம் ஒதுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

படகின் பின்பக்கம் இன்ஜினுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். முன்பக்கம் நீண்ட கழியோடு நின்றவன் உகாட், செத்துப்போன புருஷனின் தம்பி. தண்ணீருக்கடியில் இருக்கும் பாறையைத் தண்ணீரின் சுருக்கத்தை வைத்தே சொல்லிவிடுவான். சமையலறையில் மூடியிருக்கும் சட்டியில் என்ன இருக்கிறது என்பதையும் அதேபோலச் சொல்லிவிடுவான்.

அப்போது கரைமேலே, ஏணியாகச் சாத்தியிருந்த படிவெட்டிய மரத்தின் உச்சியில் எம்பூன் வந்து நின்றாள். கையில் ஒரு தட்டு.

"ஏ ஜாவாய்! பணியாரம்டி! சூடா இருக்கு, ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போ!"

ஜாவாய் இன்ஜின் கயிற்றை இழுத்தாள். அது ஒரு முறை இருமிவிட்டு நின்றது.

"மதினி, எம்பூன் கூப்பிடுதாங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலை. இன்ஜின் சத்தம்."

"இன்ஜின் இன்னும் ஓடவே இல்லையே."

இன்னொரு இழுப்பு. இன்ஜின் அலறியது.

"இப்ப ஓடுதுல்ல?" என்றாள் ஜாவாய். படகு புறப்பட்டது. தட்டோடு எம்பூன் சின்னதாகிக்கொண்டே போனாள்.

எம்பூன் பக்கத்துக் கதவுக்காரி. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர், அதில் கை நுழையும்படி ஒரு சின்ன ஜன்னல். நெருப்பு, உப்பு, ஊர்வம்பு எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வந்தன. ஒரு நாள் எம்பூனின் சேவலும் வந்தது. வந்தது சும்மா போகாமல் ஜாவாயின் கள் ஜாடிக்குள் தலையை விட்டு அடியில் கிடந்த புளித்த அரிசியைத் தின்றுவிட்டு, அன்றைக்கு நடுச்சாமத்தில் விடிந்துவிட்டதாகக் கூவிற்று. வீடு முழுவதும் எழுந்து கஞ்சி குடித்து வயலுக்குப் போய், பாதி வயலைக் களையெடுத்த பிறகுதான் வானத்தில் இருப்பது நிலா என்று கண்டுபிடித்தது. அந்த வருஷம் அவர்கள் வயலில் நெல் இரண்டு கதிர் விட்டதற்குக் காரணம் அந்த நிலாக் களையெடுப்புதான் என்பது வேறு விஷயம்.

சேவல் மறுநாளும் வந்தது. ஜாவாய் அதை அறுத்து மூங்கில் குழாயில் அடைத்து, எலுமிச்சைப்புல்லும் மரவள்ளி இலையும் போட்டுச் சமைத்துவிட்டாள். சமைத்ததில் ஒரு கிண்ணத்தை ஜன்னல் வழியாக எம்பூனுக்கும் நீட்டினாள். எம்பூன் விரலைச் சூப்பிச் சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் கேட்டாள். சாயங்காலம் சேவலைக் கூப்பிட்டு அது வராதபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கிற்று. "என் பிள்ளையை எனக்கே ஊட்டிட்டியேடி" என்று அவள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த பல்லிகள் வாலை விட்டுவிட்டு ஓடின. ஜாவாயும் விடவில்லை. ஒரு பலகையை எடுத்து, வீட்டில் இருந்த ஆணி அத்தனையையும் கொட்டி, ஜன்னலை அடைத்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. இன்று காலைத் தட்டுதான் முதல் பேச்சு.

முதல் வளைவு தாண்டியதும் உகாட் திரும்பாமலே சொன்னான்:

"மதினி, தொட்டுட்டாவது வந்திருக்கலாம்."

"பாறையைப் பாரும்."

"பாறையைத்தான் பாக்கேன். பூனி பிடிச்சா பாறை தானா எழுந்து வரும்."

பூனிக்குப் பயப்படாத ஆள் அந்த ஆற்றில் கிடையாது. நீட்டிய உணவைத் தொடாமல் போகிறவரைப் பின்தொடர்ந்து வரும் கேடு அது. பசியில்லையா, நேரமில்லையா, தப்பில்லை; ஒரு விரலால் தொட்டு உதட்டில் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். அதையும் செய்யாமல் போனால் முதலை வரும், பாம்பு வரும், மரக்கிளை முறிந்து விழும். எதற்கு அன்றைக்கு வேலையில்லையோ அது வரும்.

"கேட்டாத்தானே பூனி," என்றாள் ஜாவாய். "எனக்குத்தான் கேக்கலையே."

"பூனிக்குக் கேட்டிருக்கும்."

இரண்டாம் வளைவில் பன்றிப்பல் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே வரிசையாய் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள், நடுவில் படகு நுழையும் அளவுக்கு ஒரே ஒரு சந்து. ஒரு காலத்தில் சோங் கடைத்தெருவிலிருந்து டின் டின்னாகப் பிஸ்கட் ஏற்றி வந்த வியாபாரப் படகு அங்கே கவிழ்ந்தது. அன்றையிலிருந்து அந்த மடுவில் மீன்கள் மண்புழுவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பிஸ்கட் போட்டால்தான் கடிக்கும், அதுவும் நமத்துப்போகாததாக இருக்கவேண்டும்.

உகாட் வலக்கையை நீட்டினான். ஜாவாய் வலப்பக்கம் திருப்பினாள். அவன் உள்ளங்கையைக் கீழே அமுக்கினான், அவள் இன்ஜினைத் தணித்தாள். இருவருக்கும் பல வருஷப் பழக்கம், வாயே தேவையில்லை. கழி பாறையில் ஊன்றியது, படகின் மூக்கு சந்துக்குள் நுழைந்தது, வெள்ளை நுரை இரண்டு பக்கமும் எழும்பியது. பாதி ஏறிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நுரைக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் முன்னைவிட வேகமாக அலறியது, படகோ பின்னால் போயிற்று.

உகாட் தண்ணீரில் குதித்துப் படகின் விளிம்பைப் பிடித்தான். ஜாவாயும் குதித்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் காலால் கூழாங்கல்லைத் தேடித் தேடி ஊன்றி, இருவருமாகப் படகை ஓரத்து மணல்திட்டுக்கு இழுத்துவந்தார்கள். ஜாவாய் இன்ஜினைத் தூக்கிப் பார்த்தாள். விசிறியை அச்சோடு பிணைத்திருந்த முளை முறிந்து போயிருந்தது. பாறையில் இடித்தால் விசிறி உடையாமல் அந்த முளை உடையட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதற்கு மாற்று ஒரு பெரிய ஆணி. ஆற்றில் போகிற எந்தப் படகிலும் ஒரு டப்பாவில் ஆணி கிடக்கும்.

ஜாவாய் டப்பாவைத் திறந்தாள். ஒரு தீப்பெட்டியும் கொஞ்சம் துருவும் இருந்தன.

"ஆணி எங்க மதினி?"

ஜாவாய் டப்பாவை மூடினாள்.

"ஓ," என்றான் உகாட். "ஜன்னல்ல."

"வாயை மூடிக்கிட்டு ஒரு குச்சி சீவும்."

கருவேல வைரம்போல் இறுகிய குச்சியாகப் பார்த்துச் சீவிச் சொருகினார்கள். படகு கொஞ்ச தூரம் போயிற்று, குச்சி முறிந்தது. இன்னொன்று சீவினார்கள், அதுவும் முறிந்தது. சந்தில் ஏற இன்ஜினின் முழு மூச்சும் வேண்டும். அந்த மூச்சுக்குக் குச்சி தாங்காது. கழி போட்டே ஏறலாம் என்றால் அதற்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும். வெயில் மரங்களின் தலையைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தது.

உகாட் மணலில் குத்தவைத்தான்.

"திரும்பிப் போய் ஒரு விரல் வச்சுட்டு வந்துருவோம் மதினி. கீழ போறதுக்கு இன்ஜின் வேண்டாம், ஆறே கொண்டுபோய் விட்டுரும்."

"போயிட்டு எப்ப ஏறி வர்றது? அதுக்குள்ள கலோங் பாக்கைப் பிளந்து மென்னு துப்பிருவா."

"உயிரோட இருந்தாத்தானே மகளுக்குக் கல்யாணம் பேச முடியும்?"

"என் வீட்டு அடுப்பு எரியுமா எரியாதான்னு இன்னைக்குத் தெரியணும். நீரு பணியாரத்தப் பத்திப் பேசுதீரு. உமக்குப் பயமா, பசியா?"

உகாட் யோசித்தான். "ரெண்டும் ஒரே இடத்துலதான் மதினி இருக்கு," என்று வயிற்றைத் தடவினான்.

அப்போதுதான் கீழ் வளைவில் அது தெரிந்தது. ஒரு சின்ன ஓடம். அதில் எம்பூன். தண்ணீரென்றாலே எம்பூனுக்கு நடுக்கம். குளிக்கும்போதுகூட ஒரு கையால் கரையைப் பிடித்துக்கொள்வாள். இப்போது மடியில் தட்டை வைத்து, தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அது பறக்காமல் துடுப்பை அதன்மேல் வைத்து முழங்கையால் அமுக்கியிருந்தாள். துடுப்பு அந்த வேலையில் இருந்ததால் துடுப்பு போட வழியில்லை. கரையோரம் தாழ்ந்திருந்த கிளைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடித்து இழுத்தே வந்துகொண்டிருந்தாள். அவள் இழுத்த இழுப்பில் சில மரங்கள் இன்றைக்கும் மேலாற்றுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன.

ஓடம் மணலில் முட்டியது.

"செவிட்டு முண்டை!" என்றாள் எம்பூன், மூச்சு வாங்கிக்கொண்டே. "முதலை உன்னைக் கொண்டுபோனா, ஊரு யாரைச் சொல்லும்? எம்பூன் நீட்டின பணியாரத்தாலதான் செத்தான்னு சொல்லும். எனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கணும்னே காதை மூடிக்கிட்டுப் போறியா?"

"உன்னை யாருடி வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் முதல்ல தட்டை உன் அடுப்புப் பக்கத்துல வச்சிப் பாத்தேன். அது போதுமான்னு பெரியவங்ககிட்டக் கேட்டதுக்கு, அடுப்பு தொட்டா ஆகாது, ஆளுதான் தொடணும்னுட்டாங்க."

"என் அடுப்புப் பக்கம் எப்படிப் போன? கதவு பூட்டிக் கிடந்துதே. சுலாவு மிளகுத் தோட்டத்துலல்ல இருக்கா?"

எம்பூன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜன்னல் வழியா கைய விட்டேன்."

"ஜன்னல் அடைச்சிருக்கு."

"அடைச்சிருந்துது. நீ அடிச்ச லட்சணம், ஆணி முனை எல்லாம் என் பக்கம் முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கிட்டு நின்னுது. எத்தனை நாள் என் தோளைக் கிழிச்சிருக்கும்! இன்னைக்கு உலக்கையால அந்த முனையை எல்லாம் திருப்பி அடிச்சேன். பலகை கழண்டு உன் பக்கம் விழுந்துட்டுது. கள் ஜாடி தப்பிச்சுது, பயப்படாத."

உகாட் மெதுவாக எழுந்து நின்றான்.

"ஆணி?" என்றான்.

"ஆணிக்கென்ன?"

"ஆணியெல்லாம் எங்க?"

எம்பூன் இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். வளைந்ததும் நெளிந்ததுமாக ஒரு கை நிறைய ஆணி.

"அடுத்தவ சாமானை வச்சிக்கிட்டு எனக்கென்ன வேலை? ஜன்னல் வழியா கைய விட்டுப் பொறுக்கி, அவ மூஞ்சியில எறியலாம்னுதான் கொண்டுவந்தேன்."

ஜாவாய் ஆணிகளைப் பார்த்தாள். பிறகு எம்பூனின் தோளைப் பார்த்தாள். பழைய கீறல்கள் வரிவரியாய் இருந்தன.

"முதல்ல இதத் தொடு," என்று எம்பூன் தட்டைத் திறந்து நீட்டினாள். அரிசி மாவும் பனைவெல்லமும் பிசைந்து பொரித்த பணியாரம், ஓரமெல்லாம் முறுகி, நடுவில் எண்ணெய் மினுங்கியது.

ஜாவாய் ஒரு விரலால் தொட்டு உதட்டில் வைத்தாள். உதட்டை நக்கினாள். பிறகு ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"வெல்லம் கம்மி," என்றாள்.

"கம்மியாத்தான் இருக்கும். ஜன்னல் அடைச்சிருக்கையில யாருகிட்டப் போயி வெல்லம் கேக்குறது?"

உகாட் இதற்குள் நான்கைத் தின்றிருந்தான், பூனியை முழுக்கத் துரத்திவிடும் எண்ணத்தில். அப்புறம் ஒரு ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்தி, கல்லாலேயே தட்டி அளவாக ஒடித்துச் சொருகினான். விசிறி கெட்டியாக நின்றது.

"ஏறுடி," என்றாள் ஜாவாய்.

"நானா? அந்தப் பல்லுக்குள்ளயா? நான் வீட்டுக்குப் போறேன்."

"தனியாவா போவ? மறுபடி அத்தனை கிளையையும் பிடிச்சிக்கிட்டா?"

எம்பூன் ஆற்றைப் பார்த்தாள், ஜாவாயைப் பார்த்தாள், படகின் நடுவில் ஏறி உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நங்கா லிபாய்த் துறை வரும்வரை அவள் கண்ணையும் திறக்கவில்லை, வாயையும் மூடவில்லை.

நங்கா லிபாயில் நாய்கள் முதலில் வந்தன, பிறகு மனிதர்கள் வந்தார்கள். வெயில் சாய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. நீளக்கூடத்தில் பாய் விரித்து, அரிசிக்கள் ஜாடி வைத்து, வெற்றிலைத் தட்டும் பாக்குவெட்டியும் தயாராக இருந்தன. கலோங் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெரிய உடம்பு; அவள் சிரித்தால் கூடத்துத் தரைமூங்கில் அசையும். அவள் கதவுக்குப் பின்னால் மூத்த மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று நெல்குதிர்போல நிறைந்து கிடந்தது. ஆனாலும் இளையவன் அம்பாவை விட மனசில்லை.

"வாங்க சம்பந்தி. ஆறு வத்திக் கிடக்கே, வரமாட்டீங்கன்னுல்ல நினைச்சேன்."

"ஆறு வத்தினா என்ன சம்பந்தி? படகைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்திருப்போம்."

கள் வந்தது, குடித்தார்கள். புகைபோட்ட பன்றிக்கறி வந்தது. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு கிண்ணம் வந்துகொண்டேயிருந்தது. எதையும் தொடாமல் விடமுடியாது. கலோங் வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்பது ஜாவாய்க்குப் புரிந்தது. வயிறு நிறைந்தவர்களுக்குப் பேச்சில் வேகம் இருக்காது. ஜாவாய் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தாள். உகாட்டின் முன்னால் வந்த கிண்ணங்கள் மட்டும் கழுவி வைத்ததுபோலத் திரும்பிப் போயின.

"சம்பந்தி," என்றாள் ஜாவாய், "உங்க கதவுக்குள்ள கால்வைக்க இடமில்ல. என் கதவுக்குள்ள எதிரொலி கேக்குது. அம்பாவை எனக்குக் குடுங்க."

"எதிரொலியும் ஒரு துணைதானே சம்பந்தி. சுலாவு இங்க வரட்டும். ஒரு மூலையில பாய் போட்டுக் குடுப்போம்."

"எங்க வீட்டுல மூலை மூணு சும்மா கிடக்கு."

கூடம் சிரித்தது. கலோங் சிரிக்கவில்லை. பேச்சு முன்னும் பின்னும் போயிற்று, ஓரிடத்தில் நிற்கவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்பாவு யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க எம்பூனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. தட்டைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"தம்பி, எங்க வீட்டுப் பணியாரம். எடுத்துக்கோ."

அம்பாவு கையை நீட்டினான். கலோங் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பேச்சு முடியட்டும். முடியறதுக்கு முந்தி அந்த வீட்டுச் சோறு என் மகன் வாயில படக்கூடாது. அப்புறம் தின்னாச்சே, வந்துருன்னு சொல்லுவீங்க."

கூடத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன. எம்பூன் தட்டை நீட்டியபடியே இருந்தாள். கலோங் பிடியை விடவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எம்பூன் தட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜாவாய் இதையெல்லாம் பார்த்தாள். காலையில் தான் இழுத்த இன்ஜின் கயிறு அவள் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து துணியை உதறினாள்.

"சரி சம்பந்தி. அப்ப நாங்க வர்றோம்."

"என்ன அதுக்குள்ள? பேச்சு முடியலையே."

"வெயிலு இருக்கையிலயே பன்றிப்பல்லைத் தாண்டணும்."

சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்த கலோங்குக்குச் சண்டை கிடைக்காமல் போனதில் ஒன்றும் புரியவில்லை. படிமரத்தில் இறங்கும்போது ஜாவாய் குரலைத் தணித்துக் கேட்டாள்:

"தட்டுல எத்தனை இருக்கு?"

"ஒண்ணு. உன் கொழுந்தன் விட்டு வச்சது."

"உனக்குப் பசிக்கலையா?"

"கழுத்து வரைக்கும் தின்னுருக்கேன். இப்ப எப்படி..." என்று தொடங்கிய எம்பூன் ஜாவாயின் முகத்தைப் பார்த்தாள். நிறுத்தினாள். தட்டைத் திறந்து, கடைசிப் பணியாரத்தை எடுத்து, வாய்க்குள் முழுசாக வைத்து அடைத்துக்கொண்டாள்.

அவர்கள் படகில் உட்காருவதற்கும் மேலே கூடத்தில் சத்தம் கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. "நீட்டினதைத் தடுத்திட்டியே கலோங்!" என்றது ஒரு குரல். "நாளைக்குப் பையன் சோங்குக்கு மிளகு கொண்டுபோகணுமே, ஆத்துல எப்படி இறக்குவ?" என்றது இன்னொன்று. படிமரம் அதிர அதிரக் கலோங் இறங்கி வந்தாள், அம்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

"இருங்க சம்பந்தி, இருங்க! அந்தத் தட்டு! ஒரு விரல் வச்சுக்கட்டும்!"

ஜாவாய் தட்டை வாங்கி நீட்டினாள். எண்ணெய்க் கறை மட்டும் மினுங்கியது.

"தீந்து போச்சே சம்பந்தி."

"யாரு தின்னா?"

எம்பூன் கன்னம் புடைக்க மேலே போகும் ஒரு பறவையைப் பார்த்தாள். உகாட் தன்மேல் பழி வந்துவிடுமோ என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"மாவு எங்க வீட்டுல இருக்கு," என்றாள் கலோங். "வெல்லமும் இருக்கு. இப்பவே சுட்டுத் தாங்க, தொட்டுக்கட்டும்."

"உங்க மாவு உங்க சோறு. நாங்க நீட்டினது எங்க மாவு. அது எம்பூன் பானையில இருக்கு, வெல்லம் என் பானையில இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஜன்னல் திறந்துதான் கிடக்கு."

கலோங் ஆற்றைப் பார்த்தாள். ஆறு நல்லபிள்ளைபோல ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் நம்பவில்லை. எதிர்க்கரையில் ஒரு மரக்கட்டை கிடந்தது. மரக்கட்டைதான். ஆனாலும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரே ஒரு வாய்தான்," என்றாள் கடைசியில். "தின்னுட்டு உடனே திரும்பிடணும்."

"ஒரே ஒரு வாய்," என்றாள் ஜாவாய்.

அம்பாவு அதற்குள் படகில் இருந்தான். கையில் ஒரு துணி மூட்டை, அதன்மேல் சுருட்டிய கொசுவலை. ஒரு வாய்ப் பணியாரத்துக்குக் கொசுவலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உகாட் நகர்ந்து அவனிடம் கழியைக் கொடுத்தான். ஜாவாய் கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பில் இன்ஜின் ஓடியது.

கலோங் இப்போதும் அதே துறையில் சாயங்காலம் வந்து உட்காருகிறாள். அம்பாவு வருஷத்துக்கு இரண்டு தடவை மூன்று பிள்ளைகளோடு படகில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறான். மகன் எந்தக் கதவில் இருக்கிறான் என்று யாராவது கேட்டால் அவள் கோபித்துக்கொள்வாள்.

"என் கதவுலதான் இருக்கான்," என்பாள். "ஒரு வாய் பணியாரம் திங்கப் போயிருக்கான். தின்னு முடிச்சதும் வந்துருவான்."